ஆறாத புண்ணை ஆறப் போடாதீர்கள்

வயது ஏறும்போது வரும் தோல் புற்றுநோய் பற்றிச் சில விளக்கங்கள்

நமது தோட்டங்களில் எந்த லயத்துக்குப் போனாலும் வாசல் படியில் ஒரு தாத்தாவோ அப்பாயியோ உட்கார்ந்திருப்பதைக் காணலாம். முப்பது நாற்பது வருஷம் மலை ஏறி இறங்கி ஓய்ந்த கால்கள் அவர்களுடையவை. முன்பெல்லாம் இத்தனை முதியவர்களைப் பார்க்க முடியாது. 1940களின் நடுப்பகுதியில் இலங்கையரின் சராசரி ஆயுள் 45 வயதுக்கும் குறைவு. இன்று அது 75ஐத் தாண்டிவிட்டது. 1981ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டின்போது நாட்டில் நூறு பேருக்கு ஏறக்குறைய 7 பேர்தான் 60 வயதை எட்டியவர்கள். 2012இல் எடுத்த மதிப்பீட்டில் அந்தத் தொகை 12ஐத் தாண்டிவிட்டது. அதன் பிறகும் கூடிக்கொண்டுதான் வருகிறது.

ஆயுள் நீள்வது சந்தோஷமான விஷயம். ஆனால் ஆயுளோடு சேர்ந்து சில நோய்களும் வரும். பிரஷர், சீனி வியாதி, மூட்டு வலி பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தோலில் வரும் புற்றுநோயைப் பற்றி மட்டும் நாம் அதிகமாகப் பேசுவதில்லை. வயிற்றுக்குள்ளேயோ நெஞ்சுக்குள்ளேயோ ஒளிந்திருக்கும் நோய் இல்லை இது. கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். அப்படி இருந்தும் "சாதாரணப் புண்தானே" என்று விட்டுவிடுவதால்தான் சிலர் காலை இழக்கிறார்கள், சிலர் உயிரையே இழக்கிறார்கள். ஆகவே இந்தப் பக்கத்தை வாசித்து, வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

தோல் புற்றுநோய் என்றால் என்ன?

நம் தோல் தினமும் தேய்ந்து, தினமும் புதிதாக வளர்கிறது. பழைய கலங்கள் உதிர, புதிய கலங்கள் கீழிருந்து மேலே வரும். இந்த வளர்ச்சி ஓர் ஒழுங்கில் நடக்கிறது. சில வேளை ஒரு கலம் கெட்டுப்போய், நிறுத்தாமல் பெருகத் தொடங்கிவிடும். அதுதான் புற்றுநோய். தோலில் வருவது முக்கியமாக மூன்று வகை.

முதல் வகை பெரும்பாலும் முகத்தில் வரும். முத்துப் போல மினுங்கும் சின்னக் கட்டியாக ஆரம்பித்து, நாளாக நாளாக நடுவில் புண்ணாகும். இது வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் கவனிக்காமல் விட்டால் மூக்கையும் இமையையும் அரித்துவிடும்.

இரண்டாவது வகை தடித்த ஓரமுள்ள புண்ணாகவோ, கோலிபிளவர் போல முளைக்கும் சதையாகவோ வரும். இது நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவக்கூடியது. அப்போது தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டும்.

மூன்றாவது வகைக்கு மெலனோமா என்று பெயர். தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களில் உண்டாவது. மச்சம் போலவோ கரும்புள்ளி போலவோ தெரியும். மூன்றிலும் எண்ணிக்கையில் குறைந்தது இதுதான். ஆனால் வேகமாகப் பரவுவதால் ஆபத்து கூடியது.

2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் மெலனோமா சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் பேருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. மற்றத் தோல் புற்றுநோய்கள் 12 லட்சத்துக்கும் மேல்.

வயதானவர்களுக்கு ஏன் அதிகம் வருகிறது?

கவ்வாத்து வேலை செய்தவர்களுக்கு இது இலகுவாகப் புரியும். இளம் தேயிலைச் செடியில் வெட்டிய காயம் சீக்கிரமாக மூடிவிடும். வயதான செடியில் அதே வெட்டு ஆறாமல் இருந்து, அந்த இடத்திலேயே கட்டை உளுத்துப்போகும். மனிதத் தோலும் ஏறக்குறைய அப்படித்தான். வெயில், சூடு, காயம் எல்லாம் வாழ்நாள் முழுக்கக் கலங்களில் சிறு சிறு பழுதுகளை உண்டாக்குகின்றன. இளமையில் உடம்பு அவற்றைத் திருத்திக்கொள்கிறது. வயது போகப்போக அந்தத் திருத்தும் சக்தி குறைகிறது. கெட்டுப்போன கலத்தைக் கண்டுபிடித்து அழிக்கும் எதிர்ப்புச் சக்தியும் தளர்ந்துவிடுகிறது. இருபது வயதில் பட்டது அறுபதில் வெளியே தெரிவது இதனால்தான்.

இங்கே ஒரு கணக்கையும் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு லயத்தில் எல்லாம் இளம் குடும்பங்கள், அடுத்த லயத்தில் எல்லாம் ஓய்வு பெற்றவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது லயத்தில் நோயாளிகள் அதிகமாக இருப்பார்கள். அதற்காக அந்த லயத்துத் தண்ணீர் கெட்டது என்று சொல்ல முடியாது. அங்கே வயதானவர்கள் அதிகம், அவ்வளவுதான். ஒரு நாட்டில் முதியவர்கள் கூடும்போது, வேறு எதுவும் மாறாவிட்டாலும்கூட, புற்றுநோய்க்காரர்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். ஆகவே "இந்தக் காலத்துல ஏன் இவ்வளவு கென்சர்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பகுதி விடை இதுதான்.

தோல் புற்றுநோய் உலகத்திலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் அவுஸ்திரேலியா முன்னணியில் நிற்கிறது. வெள்ளைத் தோலும் கடும் வெயிலும் சேர்ந்ததால் வந்த வினை. அங்கே மூன்று பேரில் இரண்டு பேருக்கு 70 வயதுக்குள் ஏதோ ஒரு வகைத் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. 1981இல் அங்கே பெரிய பிரசாரம் ஒன்று தொடங்கியது. சட்டையைப் போடு, வெயிலுக்கான கிறீமைப் பூசு, தொப்பியை மாட்டு என்று சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தோடு வளர்ந்த தலைமுறை பெரியவர்களானதும், 40 வயதுக்குக் குறைந்தவர்களிடையே மெலனோமா குறையத் தொடங்கியது. ஆனால் அதற்கு முந்திய காலத்தில் வெயிலில் வெந்து வளர்ந்த முதியவர்களிடையே அது தொடர்ந்து கூடியது. இதில் நமக்கு இரண்டு பாடம் உண்டு. இளமையில் பட்டது முதுமையில் தெரியும். இளமையில் காத்தால் முதுமையில் பலன் கிடைக்கும்.

நம்ம நிறம் காவல்தான், ஆனால் முழுக் காவல் இல்லை

"கறுத்த தோலுக்கு இதெல்லாம் வராது" என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. நம் தோலில் உள்ள நிறப்பொருள் வெயிலின் புறஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடும். அதனால்தான் வெள்ளைக்காரர்களை விட நமக்குத் தோல் புற்றுநோய் மிகவும் குறைவு. ஆனால் நமக்கு வரும்போது அது வேறு வழியாக வருகிறது. வெயில் படும் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அதைத் தவறவிட்டுவிடுவோம். நாம் பார்க்க வேண்டிய இடங்கள் இவை.

ஒன்று, நாட்பட்ட புண். பல வருஷமாக ஆறாமல் கிடக்கும் கால் புண், நரம்பு சுருண்டு வந்த புண், சீனி வியாதிப் புண், உணர்ச்சி மரத்துப்போன பாதத்தில் உள்ள குழிப்புண் ஆகியவை நெடுங்காலம் போனால் சிலருக்குப் புற்றுநோயாக மாறலாம். எல்லாப் புண்ணும் மாறிவிடாது. பெரும்பாலானவை மாறுவதில்லை. ஆனால் எது மாறும் என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது.

இரண்டு, பழைய தீக்காயத் தழும்பு. சின்ன வயதில் அடுப்பிலோ, குப்பி விளக்கு விழுந்தோ, சுடுதண்ணீர் கொட்டியோ பட்ட காயத்தின் தழும்பு வாழ்நாள் முழுக்க நம்மோடு இருக்கும். அந்தத் தழும்பு அடிக்கடி வெடித்துப் புண்ணாகிக்கொண்டிருந்தால் அதில் புற்றுநோய் வரலாம். பிரான்ஸ் நாட்டு வைத்தியர் மார்ஜோலின் 1828இலேயே இப்படித் தழும்பில் வரும் புண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் பெயரால்தான் இன்றும் வைத்தியர்கள் அதை அழைக்கிறார்கள். தீக்காயத்துக்கும் புற்றுநோய்க்கும் இடையே சராசரியாக 30 வருஷம் போகும். ஆகவே "அது சின்ன வயசுல பட்டது, ஒன்னும் செய்யாது" என்று சொல்லிவிட முடியாது.

மூன்று, அடுப்புச் சூடு. குளிர் பகுதிகளில் பெரியவர்கள் அடுப்படியிலேயே குந்தி மணிக்கணக்காகக் குளிர் காய்வது வழக்கம். வருஷக் கணக்கில் இப்படிச் செய்தால் முழங்காலுக்குக் கீழே வலை விரித்த மாதிரி கருஞ்சிவப்புக் கோடுகள் விழும். காஷ்மீரில் குளிர் காலத்தில் மண் சட்டியில் தணல் போட்டு, பிரம்புக் கூடையில் வைத்து, உடைக்குள்ளே வயிற்றோடு அணைத்துக்கொள்வார்கள். அதற்குக் காங்கிரி என்று பெயர். பல வருஷம் அந்தச் சூடு பட்ட வயிற்றிலும் தொடையிலும் புற்றுநோய் வருவதை வைத்தியர்கள் நூறு வருஷத்துக்கும் முன்பே கண்டுபிடித்தார்கள். குளிர் காய்வதில் தவறில்லை. தோல் சுடும் அளவுக்கு நெருங்கி, நாள்தோறும் அதே இடத்தில் சூடு படும்படி உட்காரக்கூடாது.

நான்கு, உள்ளங்காலும் நகமும். நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கும் ஜப்பானியர் போன்ற ஆசிய மக்களுக்கும் மெலனோமா வந்தால், அது பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலோ, உள்ளங்கையிலோ, நகத்தின் அடியிலோதான் வருகிறது. ஆட்டோக்களின் பின்னால் ஒட்டியிருக்கும் பொப் மார்லியின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஜமெய்க்கா நாட்டுப் பாடகர். அவருடைய கால் பெருவிரல் நகத்தின் கீழே இருந்தது பந்து விளையாடிப் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். அது மெலனோமா என்று 1977இல் தெரிய வந்தது. பிறகு உடம்பெல்லாம் பரவி 1981இல் அவர் இறந்தபோது வயது 36தான்.

ஐந்து, இடுப்பு. உள்பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் படங்குக் கயிற்றையும் கட்டி, நாள் முழுக்க மலையில் நிற்கும் பெண்களுக்கு இடுப்பில் தோல் உராய்ந்து கறுத்துத் தடித்துப்போகும். இந்தியாவில் சேலையும் வேட்டியும் இறுக்கிக் கட்டும் இடத்தில் புற்றுநோய் வந்தவர்களைப் பற்றி வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். இது மிக அரிது, பயப்படத் தேவையில்லை. ஆனால் நாடாத் தடத்தில் ஆறாத புண் இருந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள். அகலமான நாடா போடுவதும், கட்டும் இடத்தை அடிக்கடி மாற்றுவதும் நல்லது.

வெயிலையும் அடியோடு மறந்துவிடக் கூடாது. "இங்க குளிருதே, வெயில் என்ன செய்யும்?" என்று நினைக்கிறோம். சுடுவது வேறு, புறஊதாக் கதிர் வேறு. கடல் மட்டத்தில் இருந்து ஒவ்வோர் 1000 மீற்றர் உயரத்துக்கும் இந்தக் கதிர் ஏறக்குறைய 10 வீதம் கூடுகிறது. நுவரெலியா 1800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. மெல்லிய மேகத்தையும் அந்தக் கதிர் ஊடுருவி வரும். பிறப்பிலேயே தலைமுடி, புருவம், தோல் எல்லாம் வெள்ளையாக உள்ள பிள்ளைகளுக்கு இது மிகப் பெரிய ஆபத்து. அவர்களுக்கு இளவயதிலேயே தோல் புற்றுநோய் வரலாம். அப்படிப்பட்ட பிள்ளைகளை நீண்ட கைச் சட்டை, அகலத் தொப்பி இல்லாமல் வெயிலில் விடவே கூடாது. வளர்ந்த பிறகு அவர்களுக்கு நிழலில் செய்யும் வேலை கிடைக்க வழி செய்ய வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

மாதத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போது, வீட்டுப் பெரியவர்களின் தோலை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வயதானவர்களுக்குக் கண் பார்வை மங்கியிருக்கும், குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. பேரப்பிள்ளைகள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். முகம், காது, உதடு, முதுகு, இடுப்பு, முழங்காலின் கீழ், உள்ளங்கால், விரல் இடுக்கு, நகம் எல்லாவற்றையும் பாருங்கள். கவனிக்க வேண்டியவை:

1. ஒரு மாதம் மருந்து கட்டியும் ஆறாத புண்.

2. ஆறி ஆறி மறுபடியும் அதே இடத்தில் வெடிக்கும் புண் அல்லது தழும்பு.

3. பழைய புண்ணின் ஓரம் தடித்து மேலெழும்புவது, சதை முளைப்பது, தொட்டால் இரத்தம் கசிவது, புதிதாகத் துர்நாற்றமோ வலியோ வருவது.

4. உள்ளங்காலில் புதிதாகத் தோன்றிய, பரவிக்கொண்டு போகும் கரும்புள்ளி.

5. ஒரே ஒரு நகத்தில் மட்டும் கறுப்புக் கோடு விழுந்து, அது அகலமாவது, அல்லது நகத்தைச் சுற்றிய தோலுக்கும் கறுப்பு பரவுவது.

6. மச்சத்தின் வடிவம், நிறம், அளவு மாறுவது.

7. புண் உள்ள பக்கத்தில் தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டி, வற்றாமல் இருப்பது.

இதில் ஒன்று இருந்தால் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அநேகமாக வேறு ஏதாவது இருக்கும். ஆனால் வைத்தியர் பார்க்க வேண்டும் என்பது மட்டும் நிச்சயம். சீனி வியாதியாக இருந்தாலும் ஆறாத புண் காலைக் கொண்டுபோய்விடுமே!

எங்கே போவது, என்ன செய்வார்கள்?

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டுங்கள். எத்தனை நாளாகப் புண் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். அங்கே தோல் கிளினிக்கிலோ சத்திர சிகிச்சைக் கிளினிக்கிலோ பார்ப்பார்கள். அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி, குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பாஷைப் பிரச்சினை இருந்தால் சிங்களம் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

சந்தேகம் இருந்தால் அந்த இடத்தை விறைக்கச் செய்து, ஒரு சிறு துண்டு வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். "கத்தி வச்சா கென்சர் பரவிடும்" என்று பலர் பயந்து ஓடிவிடுகிறார்கள். இது தவறான எண்ணம். வெட்டிச் சோதித்தால்தான் என்ன நோய் என்று தெரியும், சரியான வைத்தியமும் செய்ய முடியும். கத்தி பட்ட பிறகு நோய் முற்றியது போலத் தோன்றுவதற்குக் காரணம், முற்றிய பிறகுதான் நாம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்பதே. ரிப்போட் வர நாளாகும். எப்போது வர வேண்டும் என்று திகதியைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். சோதனைக்குக் கொடுத்துவிட்டு ரிப்போட் எடுக்கப் போகாமல் இருந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலும் ஒரு சிறு சத்திர சிகிச்சையோடு பூரணமாகக் குணமாகிவிடும். முற்றிய பிறகு போனால் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரலாம். கதிர் வைத்தியம் தேவைப்பட்டால் கண்டிக்கோ மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது.

செலவு பஸ் காசுதான் என்றாலும், உண்மையான கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வயதானவரைக் கூட்டிப் போக மகனோ மருமகளோ ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். "எனக்காக ஒரு பேரைக் கெடுத்துக்காத புள்ள, இது தானா ஆறிடும்" என்று சொல்லிப் பெரியவர்கள் புண்ணைத் துணியால் மூடிக்கொள்கிறார்கள். பாரமாக இருக்கக்கூடாது என்ற எண்ணம். ஆனால் இன்று மிச்சப்படுத்தும் ஒரு பேருக்காக, நாளைக்கு மாதக் கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைய நேரிடும். தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடமும், தொழிற்சங்கத் தலைவரிடமும் முன்கூட்டியே சொல்லி உதவி கேளுங்கள். ஒரே கிளினிக் நாளில் அடுத்த வீட்டுப் பெரியவரையும் சேர்த்துக் கூட்டிப் போனால் இரண்டு குடும்பத்துக்கு ஒரு பேர்தான் போகும்.

வராமல் காக்க

காயம் பட்டால், அட்டை கடித்துச் சொறிந்து புண்ணானால், அன்றைக்கே சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தத் துணியால் கட்டுங்கள். சாணம், புகையிலைச் சாறு, மண்ணெண்ணெய் எதுவும் வைக்காதீர்கள். மச்சத்தையும் மருவையும் சுண்ணாம்பு வைத்துச் சுடாதீர்கள், மயிர் கட்டி அறுக்காதீர்கள். சீனி வியாதி உள்ளவர்கள் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. இரவில் கால் கழுவித் துடைத்து விரல் இடுக்கைப் பார்க்க வேண்டும். கொழுந்து பறிக்கும்போது தலைத்துணியும் நீண்ட கைச் சட்டையும் வெயிலுக்கு நல்ல காவல். பிள்ளைகளுக்கு அடுப்பும் விளக்கும் எட்டாமல் வையுங்கள். இன்றைய தீக்காயத்தைத் தடுப்பது, அந்தப் பிள்ளையின் ஐம்பதாவது வயதுக்கும் செய்யும் உதவி.

இன்னொன்று. தோலைப் பார்க்கும் அதே நாளில் பெரியவர்களின் வாயையும் திறந்து பாருங்கள். இலங்கை ஆண்களுக்கு மிக அதிகமாக வருவது வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர்களுக்கு வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம் இருந்தால் அதையும் உடனே காட்ட வேண்டும். பெண்களும் வெற்றிலை போடுபவர்கள்தான், அவர்களையும் மறந்துவிடாதீர்கள்.

இந்த மாதம் ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தெரிந்தெடுத்து, உங்கள் வீட்டுப் பெரியவரின் பாதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேலாக ஆறாத புண் ஏதாவது இருந்தால், திங்கட்கிழமை காலையிலேயே டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்கள்.